சிறைக்குள் ஒரு தந்தை

அலெக்சாண்டர் டூமா இயற்றிய 'மான்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் புதினத்தை நம்மில் பலர் பள்ளிப் பருவத்தில் சுருக்கப் பதிப்பாகவேனும் படித்திருப்போம். எட்மண்ட் தாந்தே என்னும் குற்றமற்ற மாலுமி, முறையான வழக்கின்றித் தீவுச்சிறையில் 14 ஆண்டுகள் அடைபட்டு, தப்பி, புதையல் பெற்று, வஞ்சித்தோரைப் பழிதீர்க்கும் கதை அது. 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழொன்றில் தொடராக வெளிவந்தது. கதையின் எலும்புக்கூட்டைப் பழைய காவல்துறைப் பதிவொன்றிலிருந்து டூமா எடுத்தார். அதற்குத் தசையும் குருதியும் வந்தது அவரது சொந்தக் குடும்பத்திலிருந்து என்றே நாம் கருதுகிறோம்.

அவருடைய தந்தை தோமாஸ் அலெக்சாண்டர், இன்று ஹெய்ட்டி எனப்படும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் 1762இல் பிறந்தார். அவரைப் பெற்றவர் மரி செசெத் என்னும் கறுப்பின அடிமைப் பெண். தந்தையோ பிரெஞ்சுப் பிரபு. சாதாரணப் போர்வீரராகச் சேர்ந்த அவர், புரட்சிக் காலத்தில் படைத்தளபதியாக உயர்ந்தார். 1799இல் எகிப்திலிருந்து திரும்புகையில், பழுதுற்ற கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் ஒதுங்கியது. நேப்பிள்ஸ் அரசினர் அவரைச் சிறைப்பிடித்தனர். 1801இல் விடுதலை பெற்றபோது அவர் உடல் நலிந்திருந்தது. நெப்போலியன் அரசு அவரைக் கைவிட்டது. 1806இல் அவர் மறைந்தபோது மகனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. கைம்பெண்ணுக்கு ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது.

இவற்றை அறிந்தபின் புதினத்தை மீண்டும் எடுத்தால், சில பக்கங்கள் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. மகன் சிறையிலிருக்க, தாந்தேயின் முதிய தந்தை வறுமையில் பட்டினி கிடந்து மடிகிறார். ஒருவர் அடைபட்டால் இல்லத்தார் அனைவரும் தண்டனை அனுபவிப்பர் என்பதை டூமா தம் தாயின் வாழ்விலேயே கண்டவர் அன்றோ! சிறையினுள் தாந்தேக்கு மற்றொரு தந்தை கிடைக்கிறார்: பரியா என்னும் குரு. கல்வியும் புதையலின் இரகசியமும் தந்து அவனை மகனாகவே ஏற்கிறார். அந்தப் பெயர், நம் கோவாவில் 1756இல் பிறந்து, அறிதுயில் ஆய்வால் பாரிசில் புகழ்பெற்று, 1819இல் மறைந்த பரியா அடிகளாருடையது. கதையிலோ அவர் இத்தாலியர்.

பழிவாங்கலையும் டூமா முழுவதுமாக வாழ்த்தவில்லை. பகைவரின் இல்லத்துச் சிறுவன் ஒருவன் மாண்டு கிடக்கக் கண்டதும் நாயகன் தன் நீதியையே ஐயுறுகிறான். தந்தையை இளமையில் இழந்த எழுத்தாளர், மற்றொரு பிள்ளையின் சாவை எளிதாகக் கடந்து செல்ல இயலவில்லை போலும்.

2002இல் டூமாவின் உடல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பந்தெயோனில் வைக்கப்பட்டது. பாரிசில் நின்ற தந்தையின் சிலையோ ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது உருக்கப்பட்டது; 2009இல் அவர் நினைவாக அறுந்த அடிமை விலங்கின் வடிவம் நிறுவப்பட்டது. ஆயினும் அழியாத நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. 1786இல் படையில் சேர்ந்தபோது பிரபுவின் குடும்பப் பெயரை விடுத்து, தம் தாயின் பெயரையே அவர் பதிவு செய்தார். நூலின் அட்டையில் நாம் படிக்கும் 'டூமா' என்பது அந்த அடிமைத் தாயின் பெயரே.