தயிர்: உழக்கா, கிராமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் கிராமங்களில் ஒரு காலத்தில் தயிருக்குத் தராசு கிடையாது. உழக்குதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழிதான் பிற்காலத்துப் படி. இது எவ்வளவு பழைய கணக்கு தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் தயிரை இப்படித்தான் அளக்கின்றன. அங்கே மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர் வேறு!

ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து கிலோவைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். இன்று ஆவின் பால் மில்லியில், தயிர் கிராமில்!

சமையலுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஒரு லிட்டர் தயிர் சுமார் 1030 கிராம். 200 மில்லி டம்ளருக்கு 206 கிராம். (மாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள், அது பாதிதான் தேறும்.)

வில்லங்கமும் இதிலேதான். தண்ணீர் லிட்டருக்கு 1000 கிராம். தயிரில் கால் பங்கு தண்ணீர் கலந்தாலும் லிட்டருக்கு எட்டு கிராம்கூடக் குறையாது. உழக்கும் காட்டிக்கொடுக்காது, தராசும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் தயிர்க்காரம்மா பானையை இறக்கியதும், 'கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு தாயி' என்றார்கள்.