டிஜிட்டல் அச்சு இழுவைத்துணி

பொலியெஸ்டர், நைலோன் அல்லது பருத்தியுடன் ஸ்பாண்டெக்ஸ் என்னும் மீள்தன்மை இழையைச் சிறிதளவு சேர்த்துப் பின்னி, கணினியில் வரைந்த கோலத்தை மைத்தாரை அச்சால் பதித்த துணி. ஸ்பாண்டெக்ஸை 1958இல் டுபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கினார். லைக்ரா அதன் வணிகப் பெயர். பொலியெஸ்டரில் பதங்கமாதல் முறையே வழக்கம்: காகிதத்தில் அச்சிட்ட சாயம் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகும், சலவையில் எளிதில் வெளிறாது. சூடு மிஞ்சினால் ஸ்பாண்டெக்ஸ் தளரும். இழுக்கும்போது அடியிலுள்ள வெண்மை எட்டிப்பார்ப்பது இத்துணியின் பெருங்குறை. மலிவுத்துணியில் அது அசிங்கமாகவே தெரியும். நீச்சலுடை, விளையாட்டுடை, கதிரையுறை, மேடைத்திரை ஆகியவற்றுக்கு உதவும். இழுவைத்துணியைத் தைக்க உருள்முனை ஊசியே ஏற்றது. கூர்முனை இழையை அறுத்துவிடும்.