செவிச் சோதனைக்கு வந்த குழந்தைகள்

1966-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மைசூர் மானசகங்கோத்திரியில் ஒரு கட்டிடத்திற்குக் கால்கோள் விழா நிகழ்ந்தது. அடிக்கல் நாட்டியவர் அந்நாளைய குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன்; 1918 முதல் மூன்றாண்டுகள் அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே தத்துவம் போதித்தவர். அதற்கு முந்திய ஆண்டில் மத்திய அரசு தோற்றுவித்த அந்நிலையமே இன்று அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையமென வழங்குகின்றது.

அதன் பெயரில் ஆட்டிசம் என்ற சொல் இல்லை. ஆயினும், ஆட்டிசமுடைய குழந்தைகள் இத்தகைய நிலையங்களுக்கு வந்து சேர்வதன் காரணம் எளிது. இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பவில்லை. பெற்றோர் முதலிற் கொள்ளும் ஐயம் காதைப் பற்றியதே. செவி பழுதற்றதெனத் தெளிந்த பின்னரே அடுத்த வினா பிறக்கின்றது. அதற்கு விடை காணப் பேச்சுப் பயிற்சி, மனநூல், சிறப்புக் கல்வி ஆகிய துறைகள் ஒரே நிலையத்தில் அமைந்திருப்பது மைசூரின் பெருமை. பல ஊர்களிலோ, வினாவிற்கொரு வாயிலைப் பெற்றோர் தட்ட நேர்கின்றது.

1943-இல் அமெரிக்க நாட்டு மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். பின்னர்ப் பல்லாண்டுகள், பெற்றோரின் அன்புக் குறைவே இதற்குக் காரணமென்னும் கொடிய கொள்கை நிலவிற்று. ஆட்டிசமுடைய மைந்தனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு, 1964-இல் வெளியிட்ட நூலில் அதனை வன்மையாக மறுத்தார்.

நம் நாட்டுச் சட்டமும் மெல்லவே நடந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்து, மருத்துவமனைகளில் தடையற்ற வசதியும் சிகிச்சையில் முன்னுரிமையும் அளிக்க விதித்தது.

தடை என்பது படிக்கட்டு மாத்திரமன்று. கூட்டத்தின் இரைச்சலும், கண் கூசும் விளக்கும், நெடுநேரக் காத்திருப்பும், சொல்லாமல் தொடும் கையும் தடைகளே. பல்வலியைச் சொல்ல அறியாத இளைஞனுக்கு வலி சினமாக வெளிப்படலாம். சினத்தை மட்டும் காண்போர் பல்லை நோக்கார். அவனைக் காத்திருக்க வைக்காது முதலில் அழைப்பதற்கும், செய்யப் போவதைப் படங்காட்டி விளக்குவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இன்னுமொரு தடை உண்டு, அது மொழி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமோ ஹிந்தியோ, பள்ளியில் ஆங்கிலம். குழந்தை குழம்புமென அஞ்சித் தமிழை விட்டுவிடும் தாய்மார் உளர். இருமொழிச் சூழலால் ஆட்டிசமுடைய குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே இதுவரை நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆதலின், சோதிப்பவரிடம் வீட்டுமொழி தமிழென முதலிலேயே சொல்வோமாக. அன்றேல், "தண்ணீர்", "பூனை" என அறிந்த குழந்தையும் சொல்லறியாக் குழந்தையாகக் கணக்கிடப்படலாம்.

ஒரு மாநிலத்திற் பெற்ற ஊனச் சான்றிதழ் நாடெங்கும் செல்லுமெனவும் 2016-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. ஊர் மாறுகையில் பாத்திரபண்டங்களோடு அதனையும் மறவாது எடுத்துச் செல்வோமாக.