ஈரச் சுவரில் வரைந்த பெண்: லூசியன் புளொக் (1909–1999)

எமது பாடசாலையின் நூறாண்டு வரலாற்றை எழுதுவதற்கு என்னிலும் மூத்த அக்காமார் இருக்கிறார்கள். “நீங்கள் வைத்தியர்தானே, மருத்துவ வரலாறு ஏதாவது எழுதித் தாருங்கோ” என்றுதான் மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டதோ ஒரு சுவரோவியரின் வரலாறு. ஆனால் அந்தப் பெண்ணை நான் அறிந்துகொண்டது ஒரு வைத்தியசாலைக் கட்டில் அருகில் என்பதால் மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

1932 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் டெற்றோயிட் நகரிலுள்ள ஹென்றி போர்ட் வைத்தியசாலையில் மெக்சிக்கோ ஓவியர் பிரீடா காலோவுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. பதினெட்டு வயதில் பஸ் விபத்தொன்றில் இடுப்பெலும்பு உடைந்தவர் அவர். பிள்ளை தங்குமா என்ற சந்தேகம் முன்பே இருந்தது. படுக்கையில் இருந்தபடியே, தான் இழந்த கருவை வரையவேண்டும், அதற்குப் படங்களுள்ள மருத்துவ நூல் ஒன்று வேண்டும் எனக் கேட்டார். வைத்தியர்கள் மறுத்தனர். அருகில் இருந்த 23 வயதுத் தோழி, இவர் மற்ற நோயாளிகளைப் போன்றவர் அல்லர், இதைக்கொண்டு ஏதாவது படைப்பார் என்று அவர்களோடு வாதாடினார். முடிவில் பிரீடாவின் கணவர் டியேகோ றிவேறா புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வைத்தியசாலையின் பெயரையே தாங்கி அதே ஆண்டில் பிரீடா வரைந்த ஓவியத்தில், கட்டிலில் கிடக்கும் பெண்ணின் கையிலிருந்து சிவப்பு நாடாக்கள் புறப்பட்டு ஒரு கருவையும் இடுப்பெலும்பையும் நத்தையையும் தொடுத்து நிற்கின்றன.

இதை வாசித்தபோது எனக்கு எமது விடுதிகளின் நினைவு வந்தது. கருவை இழந்த பெண்ணிடம் “போனது போகட்டும், அடுத்த முறை பார்ப்பம்” என்று சொல்லி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். அவள் எதைப் பார்க்க விரும்புகிறாள் என்று கேட்பவர் குறைவு. கேட்கத் தெரிந்த அந்தத் தோழி யார் என்று தேடப் போய்த்தான் லூசியன் புளொக்கிடம் வந்து சேர்ந்தேன். கலை வரலாற்று நூல்களில் அவர் பெரும்பாலும் “றிவேறாவின் உதவியாளர்”, “பிரீடாவின் தோழி” என்று ஒரு வரியில் வந்து போகிறார். எனக்கு அது போதவில்லை.

லூசியன் 1909 ஜனவரி 5 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்தார். தந்தை ஏர்ணஸ்ற் புளொக் புகழ்பெற்ற இசையமைப்பாளர். அவர் முதலில் அமெரிக்காவுக்குப் போக, முதலாம் உலகப் போரின் நடுவில், 1917 இல், குடும்பமும் பின்தொடர்ந்தது. லூசியனுக்கு அப்போது எட்டு வயது. 1920 இல் தந்தை கிளீவ்லாந்து இசைக் கல்லூரிக்குத் தலைவரானார். மகளுக்கு இசையைவிடக் கோடுகளே பிடித்தன. பதின்ம வயதில் கிளீவ்லாந்தில் ஓவியம் பயின்று, பின்னர் பரிஸ் சென்று அந்துவான் பூர்டெல்லிடம் சிற்பமும் அந்திரே லோற்றிடம் ஓவியமும் கற்றார். இருபது வயதில் நெதர்லாந்தின் லேர்டாம் கண்ணாடித் தொழிற்சாலைக்குக் கண்ணாடிச் சிற்பங்கள் வடிவமைத்தார். கட்டடக் கலைஞர் பிராங் லொயிட் றைற் அவற்றைப் பார்த்துத் தமது பயிற்சிக்கூடத்தில் கற்பிக்க அழைத்தார்.

1931 ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் றிவேறாவின் பெரிய கண்காட்சி நடந்தது. அதையொட்டிய விருந்தொன்றில் லூசியனுக்கு றிவேறாவின் பக்கத்து ஆசனம் கிடைத்தது. இரவு முழுதும் இருவரும் ஓவியம் பற்றியே பேசினார்கள். எதிரே இருந்த பிரீடாவுக்கு அது பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. பின்னர் இவளுக்கு என் கணவரில் அக்கறையில்லை, வர்ணத்தில்தான் அக்கறை என்று கண்டதும் இருவரும் இணைபிரியாத் தோழிகளாயினர். டெற்றோயிட்டில் ஒரே வீட்டில் இருந்தார்கள். 1932 செப்ரெம்பரில் தாயார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்தபோது, மெக்சிக்கோ வரை ரயிலில் பிரீடாவுக்குத் துணையாகப் போனவரும் லூசியன்தான்.

விருந்துக்குப் பிறகு அவர் றிவேறாவிடம் செய்த முதல் வேலை வர்ணம் அரைப்பது. இந்த இடத்தில் பிரெஸ்கோ என்னும் ஈரச்சுவர் ஓவிய முறையைச் சற்று விளக்கவேண்டும்.

இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதி, அது பால்போல மாறுவதைப் பார்த்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கல்சியம் காபனேற்று ஆகிறது. பிரெஸ்கோவின் இரகசியமும் இவ்வளவுதான். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துச் சுவரில் பல படைகளாகப் பூசுவார்கள். கடைசிப் படையை அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் மட்டும் அரைத்த வர்ணத்தைத் தீட்டவேண்டும். பசையோ எண்ணெயோ இல்லை. சுண்ணாம்பு காற்றை உறிஞ்சி இறுகும்போது வர்ணமும் கல்லுக்குள் அகப்பட்டுவிடும். வரைவதற்குச் சில மணித்தியாலங்களே கிடைக்கும். பிழைத்தால் அழிக்க முடியாது. அந்தத் துண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். ஆகவே சுவர் பூசுபவர் நள்ளிரவில் எழுந்து பூசினால்தான் ஓவியர் விடியற்காலையில் தொடங்கலாம். றிவேறாவின் குழுவில் அப்படிப் பூசியவர்களுள் ஒருவர் ஸ்ரீவன் டிமிற்றோவ், பல்கேரியாவிலிருந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். லூசியனும் அவரும் 1936 இல் மணம் செய்தார்கள். பிறகு பல தசாப்தங்கள் கணவர் பூசிய சுவரில் மனைவி வரைந்தார்.

இப்படிக் கல்லாகிப்போகும் ஓவியத்துக்கு ஒரே ஒரு பலவீனம்தான்: கழற்றிக்கொண்டு ஓட முடியாது. சுவரின் சொந்தக்காரர் நினைத்தால் முடிந்தது.

இதை லூசியன் 24 வயதில் நேரில் கண்டார். 1933 இல் றிவேறா நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிலையத்தில் ஒரு பெரும் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்தார். அதில் லெனினின் முகத்தைச் சேர்த்தது சொந்தக்காரருக்கு ஒவ்வாது போயிற்று. நீக்கச் சொன்னார்கள், அவர் இசையவில்லை. மே 9 ஆம் திகதி பேசிய பணத்தைக் கையில் கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். கட்டடத்துக்குள் படம் எடுப்பதற்கு ஏற்கெனவே தடை போடப்பட்டிருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்பதை உணர்ந்த லூசியன், அதற்குச் சற்று முன்னர்தான் சிறிய லைக்கா கமரா ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துச்சென்று, காவலர் கண்ணில் படாமல் ஓவியத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்திருந்தார். 1934 பெப்ரவரியில் ஓர் இரவு, சுவர் சுத்தியல்களால் உடைக்கப்பட்டது. றிவேறா அதே ஆண்டில் மெக்சிக்கோ நகரின் நுண்கலை மாளிகையில் அந்த ஓவியத்தை மீண்டும் வரைந்தபோது துணையாக இருந்தவை அந்தப் படங்களே. அமெரிக்கச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு இன்று உலகிடம் உள்ள சாட்சியும் அவைதான்.

லூசியனின் சொந்தச் சுவர்களில் என்னை மிகவும் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறைச்சாலைச் சுவர். நியூயோர்க்கின் கிறீனிச் விலேஜ் பகுதியில் பெண்களுக்கான தடுப்புச் சிறை ஒன்று இருந்தது. வறிய பெண்கள், பாலியல் தொழில் செய்ததாகப் பிடிபட்டவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் என்று பலரும் அங்கே அடைக்கப்பட்டனர். பின்னாளில், 1970 இல், அஞ்சலா டேவிஸ் இருந்ததும் அங்கேதான். பொருளாதார மந்த காலத்தில் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு 1935 இல் தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டம் லூசியனை அச்சிறைக்கு அனுப்பியது. ‘ஒரு பெண்ணின் வாழ்க்கை வட்டம்’ என்ற தலைப்பில் ஒரு தொடரை அவர் நினைத்திருந்தார். 1936 இல் முடித்தது ‘குழந்தைப் பருவம்’ என்ற பகுதியை.

சிறைப் பெண்கள் முதலில் அவரை நம்பவில்லை. கலை என்பது தங்களுக்கு மேலேயுள்ளவர்களின் சங்கதி என்பதுதான் அவர்களின் அனுபவம். இதை லூசியனே பின்னர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஆகவே அவர்களுக்கு அந்நியமாகாத ஒன்றைத் தேடினார். நகரத்து விளையாட்டு முற்றம் ஒன்று, பின்னால் தொழிற்சாலைக் கட்டடங்கள், முன்னால் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாட, தாய்மார் பார்த்திருக்கிறார்கள். 1936 இன் அமெரிக்காவில் இந்த ஒன்றாக இருத்தலே ஒரு பேச்சு. அவர் சாரத்தில் ஏறி வேலை செய்ததைப் பெண்கள் நாளும் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சுவரிலிருந்த பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகத் தத்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டார்கள்.

பெண்ணின் வாழ்க்கை என்றால் பிள்ளையும் தாயும்தானா, சிறையில் இருப்பவளுக்கு அதைக் காட்டித்தான் திருத்தவேண்டுமா என்று இன்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரிகளின் மனதில் அப்படி ஏதும் இருந்துமிருக்கலாம். ஆனால் பெயர் வைத்தது அதிகாரிகள் அல்லவே. பிள்ளையை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்த தாய்க்கு, ஒரு சுவர் வெறும் சுவராக இல்லாமற் போனது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

அச்சிறை 1970 களின் தொடக்கத்தில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. ஓவியமும் அதோடு போயிற்று. அந்த நிலத்தில் இப்போது ஒரு பூந்தோட்டம் இருக்கிறது. சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் எஞ்சியிருக்கின்றன. முகங்களும் அசைவுகளும் தெரிகின்றன, வர்ணம் தெரியாது.

அவருடைய இன்னொரு சுவர் எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. நியூயோர்க்கின் ஜோர்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பாடசாலையில், சங்கீத அறையின் சுவரில், இசையின் வளர்ச்சியை 1938 இல் வரைந்து முடித்தார். இசையமைப்பாளரின் மகளுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடைத்திராது.

பின்னர் கணவரின் ஊரான மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் பல ஆண்டுகள் இருந்து, படிப்பித்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1948 இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு வாழ்நாளில் இது எத்தனையாவது ஊர் என்று எண்ணிப்பார்க்க, எங்கள் பழைய மாணவிகள் பலருக்குச் சிரிப்பு வரும். ஆலயங்கள், பாடசாலைகள், பொதுக் கட்டடங்கள் எனச் சுவர்கள் தொடர்ந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய பின் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தார். ஈடித் தாச்சர் ஹேர்ட் எழுதிய இரு நூல்கள் குறிப்பிடத்தக்கவை: 1961 இல் உள்ளான் குருவிகளைப் பற்றியது, 1962 இல் நட்சத்திரமீனைப் பற்றியது. சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லும் மெல்லிய புத்தகங்கள். எங்கள் களப்புகளுக்கு ஆண்டுதோறும் வந்து திரும்பும் அதே உள்ளான் இனந்தான். பெருஞ்சுவரில் பழகிய கை, உள்ளங்கையளவு பறவைக்கு இறங்கி வந்திருக்கிறது. சுவர்களைவிட இவை அதிக வீடுகளுக்குப் போயிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

1999 மார்ச்சில், கலிபோர்னியாவின் குவாலாலா என்ற கடலோர ஊரில், தொண்ணூறு வயதில் லூசியன் காலமானார்.

எமது ஆரம்பப் பிரிவு மண்டபத்தின் பின்சுவரில் இருந்த படத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்: தென்னை, ஆடு, கயிறடிக்கும் பிள்ளைகள். யாரோ ஒரு சித்திர ரீச்சரும் மாணவிகளும் வரைந்ததாகச் சொல்வார்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பின் திரும்பி வந்தபோது அந்தச் சுவரே இருக்கவில்லை. அதற்கு முன்னால் நின்று எடுத்த வகுப்புப் படம், பரிசளிப்பு விழாப் படம் எவரிடமாவது, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ, பெட்டிக்குள் கிடந்தால் தயவுசெய்து ஒரு பிரதி எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும், தெரிந்தவர்களின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். வர்ணப் படமாக இருந்தால் இன்னும் நல்லது.