மணல்ல எழுதிப் படிச்ச பாதிரியார்

மொழி கத்துக்குற ஆப் ஒண்ணை டவுன்லோடு பண்ணி, மூணாவது நாளே மூடி வச்சவங்க நம்மில் எத்தனை பேர்? இன்னிக்கு நாம பேசப்போற ஆள் கிட்ட ஆப் இல்ல. கையில தமிழ் அகராதியும் இல்ல.

பர்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனியில சாக்சனி பக்கம் புல்ஸ்னிட்ஸ்ங்கிற சின்ன ஊர்க்காரர். ஹாலே நகரத்துல பிராங்கே என்ற பேராசிரியரிடம் இறையியல் படித்தார். அதுவும் முழுசா இல்ல, உடம்பு ஒத்துழைக்காம பாதியில நின்னுடுச்சு. அப்போ டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக், தன் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரி தேடிக்கிட்டிருந்தார். சீகன்பால்க்கும் நண்பர் புளுட்சாவும் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் வாங்கி, கப்பல் ஏறினார்கள். 1706 ஜூலை 9, தரங்கம்பாடி. சீகன்பால்க்குக்கு வயசு 24கூட ஆகல.

எபிரேயம், கிரேக்கம், பைபிள் விளக்கம் எல்லாம் தெரியும். எதிர்ல நிக்குறவர் கிட்ட "தண்ணி குடுங்க"ன்னு கேக்கத் தெரியாது!

கடற்கரை வியாபாரத்துல அப்போ போர்த்துகீசியம்தான் பொது மொழி. மத்த ஐரோப்பியர்கள் அதை வச்சே காலத்தை ஓட்டினாங்க. இவருக்கு அது போதல. சுமார் 70 வயசு வாத்தியார் ஒருத்தரைப் பேசிச் சம்மதிக்க வச்சு, அவரோட பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். பசங்களோட பசங்களா தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால அ, ஆ எழுதினார். அந்தக் காட்சிய யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல இருந்த பொடிசுங்க கண்டிப்பா சிரிச்சிருக்கும்!

ஒரு சிக்கல். எழுத்து வந்துடுச்சு, அர்த்தம் வரல. வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. அப்புறம்தான் அழகப்பன் வந்தார். ஐரோப்பியர் பதிவுகளில் 'அலெப்பா'. போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுன துபாஷி. கதவு அங்கதான் திறந்துச்சு. அந்த வாத்தியார் பேரு நமக்குத் தெரியற அளவுக்கு யாரும் சொல்லலியேன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

அவரோட தினசரி டைம்டேபிளைக் கடிதத்துல எழுதியிருக்கார். காலையில ஒரு மணி நேரம் பழைய வார்த்தைகளைத் திரும்பப் படிக்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வயசான புலவரோட புது நூல்கள். பக்கத்துல ஒரு எழுத்தர், தெரியாத சொல்லையெல்லாம் குறிச்சுக்க. மத்தியானம் மறுபடி படிப்பு. ராத்திரி, கண்ணு கெட்டுடக் கூடாதுன்னு வேற ஒருத்தரைப் படிக்கச் சொல்லிக் கேக்குறது. இது ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்லீங்க, வருஷக்கணக்கா நடந்தது.

1708க்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, குறிப்போட பட்டியலும் போட்டுட்டார். தொல்காப்பியம், திருக்குறள் எல்லாம் அதுல இருக்கு. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பாவை ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். அதே வருஷம் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கவும் ஆரம்பிச்சார். நடுவுல உள்ளூர் டேனிஷ் தளபதியோட மோதி நாலு மாசம் சிறை வேற.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். ஹாலே அவரைத் தயார் பண்ணினது இந்த மக்களோட மதத்தை மாத்தறதுக்கு. மணல்ல தொடங்கின படிப்போ, அந்த மதத்தை உட்கார்ந்து கேக்க வச்சது. கடைசி வரைக்கும் அவர் மிஷனரிதான், அதுல குழப்பமே இல்ல. ஆனா தமிழ்ல கடிதம் எழுதி ஜனங்களோட கடவுள்களைப் பத்தி கேள்வி கேட்டார். பதில்களை வச்சு, சிவன், விஷ்ணு தொடங்கி அய்யனார், மாரியம்மன், பிடாரி வரைக்கும் 1713ல ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார்.

பிராங்கே அதை அச்சுல ஏத்த மறுத்துட்டார். மிஷனரிகளை அனுப்பினது அங்க இருக்குற தெய்வங்களை ஒழிக்க, அதுங்க கதையை ஐரோப்பாவுல பரப்ப இல்லைங்கிறது அவர் கட்சி. 1719ல சீகன்பால்க் தரங்கம்பாடியிலேயே காலமானார். அந்தப் புத்தகம் அச்சானது 1867ல. நம்ம சென்னையில.