கிட்டார் மறுமெருகு

அக்கூஸ்டிக் கிட்டாரின் பழைய அரக்கையோ வார்னிஷையோ அகற்றிப் புதுப்பூச்சு ஏற்றும் வேலை மறுமெருகு எனப்படும். இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்கு ஒலிக்கும் பைலா இசையின் பெயரே போர்த்துக்கேய மொழி தந்தது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்தோரின் பாட்டு அந்த இசையின் வேர்களில் ஒன்று. இன்று பைலாவையும் கிட்டாரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கரைக்காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். ஈரத்தில் மரம் விரியும், வெயிலில் சுருங்கும்; அதன் மேல் முறுகிப்போன பூச்சு கூடவே அசைய முடியாமல் வெடிக்கும். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், காய்ந்த உப்பளப் பாத்தியின் தரைபோல மெல்லிய கோடுகள் தெரியும். பூச்சில் மட்டும் உள்ள இந்தக் கோடுகளால் ஓசை கெடாது.

அகற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பூச்சின் வகையை அறிய வேண்டும். கண்ணில் படாத ஓரிடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு சொட்டு வைக்க வேண்டும். பூச்சு பிசுபிசுத்தால் அது அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெலுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்டர். மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சூடு காட்டினால் உள்ளே பசை இளகிச் சட்டங்கள் கழன்றுவிடும்.

அரக்கை எடுப்பது எளிது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, துணியில் தேத்தண்ணிச் சாயம் ஏறும். தின்னரானால் பிளாஸ்டிக் விளிம்பையும் கரைத்துவிடும். அதற்கு முன்பே விளிம்பை மூடி ஒட்ட வேண்டும். வேலை திறந்தவெளியில், அடுப்புக்குத் தொலைவில் நடக்க வேண்டும். சாண்ட்பேப்பரில்தான் பலரும் கிட்டாரைக் கெடுக்கிறார்கள். மேற்பலகையின் கனம் பொதுவாக 3 மில்லிமீற்றருக்கு உட்பட்டது. ஒட்டுப்பலகையானால் மேல்தாள் 1 மில்லிமீற்றர்கூட வராது. நாலு இழுப்புக் கூடினால் அடித்தாள் தெரிந்துவிடும். 220 இலக்கத் தாளில் தொடங்கி, மரத்தின் ரேகையோடு மட்டும் தேய்ப்பது பாதுகாப்பானது.

மறுபூச்சுக்கு நாள் பார்க்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஈரக்காற்றில் லாக்கரும் அரக்கும் பால்போல வெளிறும். சோழகம் வீசும் மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் மணல் பறந்து ஈரப்பூச்சில் ஒட்டும். பெப்ரவரியில், காலைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்குவது நல்லது. ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் துணிப்பொட்டலத்தில் தோய்த்து, வட்டவட்டமாக, மிக மெல்லிதாகப் பல நாள் ஏற்றுவார்கள். வியர்வைக்கு இது தாங்காது; ஆனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவினால் பழைய பூச்சோடு கலந்துவிடும்.  கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது இரண்டு வாரமாவது ஆறவிட்டே தந்தி கட்ட வேண்டும்.