தலைநீரில் வாழ்பவர்கள்: பேராக் வெள்ளத் தடுப்பில் பூர்வகுடிகளின் இடம்

1996 ஆகஸ்ட் 29 அன்று, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்ற செமாய் பூர்வகுடிக் கம்பத்தின் (சிற்றூரின்) மேல் சேறும் மரக்கட்டைகளும் பாறைகளும் கலந்த பெருவெள்ளம் இறங்கியது. 44 பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கனமழையில் மலைச்சரிவுகள் இடிந்தன. ஆற்றின் மேற்பகுதியில் மரங்கள் அடைத்துக்கொண்டன. அந்த அடைப்பு உடைந்தபோது கீழே இருந்த கம்பம் அடித்துச் செல்லப்பட்டது.

பேராக்கின் வெள்ள வரலாறு பெரும்பாலும் ஈப்போ, கோலகங்சார், தெலுக் இந்தான் நகரங்களில் ஏறிய நீர்மட்டத்தைக் கொண்டே சொல்லப்படுகிறது. போஸ் டிப்பாங்கிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. தடுப்புக்கான பணம் யாரைக் கேட்டு ஒதுக்கப்பட்டது?

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் 1880களில் ஈய வேட்டை சூடுபிடித்தது. லம்பங்களில் (ஈயச் சுரங்கங்களில்) கழுவிவிட்ட மணல் ஆற்றுப்படுகைகளை மேடாக்கியது. பிறகு வந்த ரப்பர் தோட்டங்களும் மண்ணை இறக்கின. மரத்தடியில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது தொடக்ககாலத் துரைமார்களின் கட்டளை. தமிழ்த் தொழிலாளர்கள் செதுக்கி வெறுமையாக்கிய சரிவுகளை மழை அரித்தது. ஆறு தூர்ந்த கதையில் நம் பாட்டன்மாரின் கைகளும் இருந்தன, ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கும் இருந்ததில்லை. 1926 டிசம்பர் பெருவெள்ளம் பேராக் உட்பட தீபகற்பத்தின் பல பகுதிகளை மூழ்கடித்தது. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தோன்றியது. அன்று அதன் முதற்கவலை நெல்.

1967 வெள்ளம் கிளந்தான், திரெங்கானு, பேராக் ஆற்றுப் படுகைகளைத் தாக்கி 55 உயிர்களைப் பறித்தது. 1971இல் கோலாலம்பூரே மூழ்கியபோதுதான் அரசாங்கம் விழித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. 1972 முதல் வெள்ளத் தணிப்பு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பாயிற்று. 1970களில் எழுந்த தெமெங்கோர் அணை மின்சாரமும் தந்தது, பேராக் ஆற்றின் வெள்ளத்தையும் தேக்கியது. கீழ்க்கரை நகரங்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் அந்த ஏரிக்கு அடியில் போனவை ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலங்கள். மக்கள் பானுன் போன்ற மறுகுடியேற்றத் திட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அம்மக்களோடு சேர்ந்து எடுத்த கூட்டு முயற்சி என்று அதைச் சொல்ல முடியாது.

போஸ் டிப்பாங்கிற்கு அடுத்த ஆண்டு, 1997இல், தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு வந்தது. மத்திய, மாநில, மாவட்ட நிலைகளில் பேரிடர்க் குழுக்கள் செயல்பட அது வழிவகுத்தது. 2015இல் தேசியப் பேரிடர் நிர்வாக முகமையான நட்மா உருவானது. மீட்பும் நிவாரணமும் சீர்பட்டன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்த மூன்று அடுக்குகளில் கம்பம் ஓர் அடுக்கு அல்ல.

சிக்கலின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. பூர்வகுடிகளின் நலன் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் காடும் ஆறும் மாநிலத்தின் கையில். வடிகாலும் நீர்ப்பாசனமும் இருவருக்கும் பொது. ஆகவே வெள்ளத் தணிப்புக்கான பெரும் பணம் மத்திய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து வரலாம். மலைச்சரிவில் மரம் வெட்ட அனுமதி தருவதோ மாநிலம். 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம் எடுக்கப்படும் நிலத்திலுள்ள பழமரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு தரச் சொல்கிறது. நிலத்துக்கான இழப்பீட்டை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

வேறு வழியும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், செமாத் பூர்வகுடிகளின் வாழ்வாதாரமான சுமாஸ் ஏரி 1924இல் வற்றவைக்கப்பட்டு விளைநிலமானது. 2021 நவம்பர் வெள்ளத்தில் நீர் அதே இடத்துக்குத் திரும்பியது. 2023இல் அம்மாகாணமும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் எல்லைதாண்டிய வெள்ளத் தடுப்பு உடன்பாட்டுக்கு வந்தபோது, செமாத் உள்ளிட்ட பூர்வகுடி ஆட்சியமைப்புகளும் அதில் பங்காளிகளாயின. ஒரு நூற்றாண்டு தாமதம்தான். ஆனால் மேசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

பேராக்கில் அதற்கு நிகரானதைச் செய்வது கடினமான காரியமல்ல. தலைநீர்ப் பகுதியில் ஓடை அடைபடுவதை முதலில் காண்பவர்கள் செமாய், தெமியார் மக்கள்தாம். மழைமானிகளைப் பராமரிக்கவும் சரிவுகளைக் கண்காணிக்கவும் அவர்களுக்கே சம்பளம் தரலாம். வெள்ளத் தணிப்பு ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைக் கம்பங்களின் பெயரில் எழுதலாம். அதோடு, கம்பத்துக்கு மேலுள்ள காட்டில் மரம் வெட்ட மாநிலம் அனுமதி தருவதற்கு முன் கம்பத் தலைவரான பாத்தினின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறவேண்டும்.